பாட்டி கதை சொன்னாளா, சொல்வாளா? – பிரெஞ்சு இறந்தகாலத்தைக் கற்பிக்கும் முறை

தலைநகரில் பிரெஞ்சு பயிலும் நம் சங்கத்து நண்பர்களிற் பலர், பட்டம் பெறுமுன்னரே ஏதேனும் ஓர் உயர்நிலைப் பள்ளியிலோ வீட்டிலோ சிறுவர்க்கு அம்மொழியைக் கற்பிக்கத் தொடங்கிவிடுகின்றனர். உச்சரிப்பு, பெயர்ச்சொல்லின் பால், நிகழ்கால வினை ஆகியவற்றை ஒருவாறு கடந்துவிடலாம். இறந்தகாலம் வந்ததும் வகுப்பு நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் நானும் நின்றவன், இடறியவனுங்கூட. அந்த இடறலையும் அதனால் பெற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சி ஆசிரியனாக ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய நாளில், ‘என் பாட்டி’ என்னும் பொருள்பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ச் சிறுவன், ‘மா க்ரான்மேர் அ ராகோந்தே தேஸ் இஸ்துவார்’ என்று தொடங்கியிருந்தான். ‘என் பாட்டி கதைகள் சொன்னார்’ என்பது அவன் கருத்து. நான் சிவப்பு மையால் கோடிட்டேன். அவன் என் மேசையருகே வந்து நின்றான்.

“ஏன் சார் தப்பு? நீங்கதானே ‘ஹேவ்’ மாதிரி போட்டு எழுதச் சொன்னீங்க?”

“இப்படி எழுதினால், என்றோ ஒருநாள் கதை சொன்னார், அத்தோடு முடிந்தது என்று பொருள்படும்.”

“இல்ல சார். பாட்டி தினமும் கதை சொல்லுவாங்க. போன வருஷம்தான் இறந்துட்டாங்க.”

நான் வாயடைத்துப் போனேன். நாள்தோறும் கதை சொன்ன ஒரு பாட்டியை, ஒரே ஒரு நாள் சொன்ன பாட்டியாக்கிவிட்டது அந்த வாக்கியம். பிழை அவனுடையதன்று, என்னுடையது. நான்தான் ஒரு வாரமாக ஆங்கிலத்தைத் துணைக்கு வைத்து, அட்டவணை எழுதிப்போட்டு, காலத்தை வாய்பாடாக்கியிருந்தேன். ஆனால் அவன் கூறிய விடையிலேயே மருந்து இருந்தது. ‘சொன்னாங்க’ என்று அவன் சொல்லவில்லை, ‘சொல்லுவாங்க’ என்றான். ‘இறந்துட்டாங்க’ என்று அடுத்த வினையை வேறு வடிவிற் சொன்னான். பிரெஞ்சில் அவன் தவறவிட்ட வேறுபாட்டைத் தமிழில் ஒரு கணமும் தயங்காமல் காத்திருந்தான்.

இருவகை இறந்தகாலம்

பேச்சுப் பிரெஞ்சில் சிறுவன் முதலில் அறியவேண்டிய இறந்தகாலங்கள் இரண்டு. ஒன்று ‘பாசே கொம்போசே’. இதனைக் கூட்டு இறந்தகாலம் என்போம். மற்றது ‘அம்பர்ஃபே’, முற்றா இறந்தகாலம் எனலாம்.

கூட்டு இறந்தகாலம் இரு சொல்லால் ஆவது. ‘உடைமை’ப் பொருள்தரும் ‘அவ்வார்’ என்னும் வினையின் நிகழ்கால வடிவம் முன்னேயும், முதல்வினையின் எச்சம் பின்னேயும் நிற்கும். ‘ஜே மான்ஜே’ என்றால் ‘உண்டேன்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உண்டதை உடையேன்’ என்றாகும். இலத்தீனில் ‘எழுதப்பட்ட கடிதத்தை உடையேன்’ என்ற போக்கில் அமைந்த தொடரே காலப்போக்கில் ‘கடிதம் எழுதினேன்’ என்று பொருள் திரிந்தது. இந்த வரலாற்றைச் சொன்னால், ‘உடைமைச் சொல் இங்கே ஏன் வந்தது?’ என்னும் சிறுவனின் ஐயம் தீரும்.

முற்றா இறந்தகாலம் ஒரே சொல். ‘நாம்’ என்பதற்குரிய நிகழ்கால வடிவத்தின் ஈற்றை நீக்கிப் புதிய விகுதி சேர்த்தால் போதும். ‘நூ மான்ஜோன்’ என்பதில் ‘ஓன்’ நீங்க, ‘ஜெ மான்ஜெ’ பிறக்கும். இவ்விதிக்கு அடங்காத வினை ‘எத்ர்’, அதாவது ‘இரு’ என்னும் வினை ஒன்றே. ஆக, வடிவம் கடினமன்று. எதனை எங்கே இடுவது என்பதே கடினம்.

ஆங்கிலப் பாலம் முறியும் இடம்

‘ஜே மான்ஜே’ என்பது ‘ஐ ஹேவ் ஈட்டன்’ போலத் தோன்றுகிறது. தோற்றத்தை நம்பிச் சிறுவனை அதன்மேல் நடத்தினால் இரண்டடியில் பாலம் முறியும். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் ஈட்டன் யெஸ்டர்டே’ என்பது வழு. பிரெஞ்சிலோ ‘இயேர், ஜே மான்ஜே’, அதாவது ‘நேற்று உண்டேன்’ என்பது செவ்விய வழக்கு.

ஒரு காலத்தில் பிரெஞ்சிலும் இத்தகைய எல்லை இருந்தது. 1660-இல் வெளிவந்த போர்-ருவாயால் இலக்கணம், அன்றைய நாளுக்குள் நிகழ்ந்ததற்குக் கூட்டு வடிவம், அதற்கு முற்பட்டதற்குத் தனி வடிவம் என்று வரையறுத்தது. பின்னர்ப் பேச்சில் கூட்டு வடிவமே எங்கும் பரவியது. ‘பாசே சாம்ப்ள்’ என்னும் தனி வடிவம் நூல்களுக்குள் ஒதுங்கியது. கதைப் புத்தகத்தில் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அதனை உயர்நிலை வகுப்பில் காட்டினால் போதும். ஆல்பெர் காம்யு 1942-இல் வெளியிட்ட நாவல், தமிழில் ‘அந்நியன்’ என்னும் பெயரில் வந்திருப்பது, பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்திலேயே கதை சொல்லிச் செல்வது. அக்காலத்து நாவல் மரபுக்கு அது புதுமையாயிருந்தது.

மறுபுறமும் ஆங்கிலம் கைவிடுகிறது. ‘ஷி டோல்ட் ஸ்டோரீஸ்’ என்றால் ஒருநாள் சொன்னதும் ஆகலாம். நாள்தோறும் சொன்னதும் ஆகலாம். வேறுபடுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் வழியுண்டு, ஆனால் கட்டாயமில்லை. பிரெஞ்சில் கட்டாயம். ஆங்கிலத்தில் எண்ணிப் பிரெஞ்சில் பெயர்க்கும் சிறுவன், தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே உணராமற் போகிறான்.

திரையும் நடிகரும்

எதனைத் தேர்ந்தெடுப்பது? ஹரால்ட் வைன்ரிஷ் என்னும் ஜெர்மானிய மொழியறிஞர் 1964-இல் வெளியிட்ட ‘டெம்புஸ்’ என்னும் நூலில் இதற்கு அழகிய விளக்கம் கூறினார். கதைக்கு முன்னணி ஒன்றும் பின்னணி ஒன்றும் உண்டு. வினையின் காலவடிவம் இவற்றைப் பிரித்துக்காட்டுகிறது என்பது அவர் கருத்து.

நாடக மேடையை எண்ணிப் பாருங்கள். பின்னே தொங்கும் திரையில் காடும் மழையும் தீட்டப்பட்டிருக்கின்றன. அவை எப்போது தொடங்கின, எப்போது முடியும் என்று எவரும் கேட்பதில்லை. முன்னே நடிகன் வருகிறான், வாளை எடுக்கிறான், வீழ்கிறான். திரையில் உள்ளது முற்றா இறந்தகாலம். நடிகன் செய்வது கூட்டு இறந்தகாலம். ‘மழை பெய்துகொண்டிருந்தது, நான் படித்துக்கொண்டிருந்தேன்’ என்பவை திரை. ‘தொலைபேசி ஒலித்தது, எழுந்தேன்’ என்பவை நடிகன். எல்லாவற்றையும் கூட்டு இறந்தகாலத்தில் எழுதும் சிறுவன், திரையே இல்லாத மேடையில் நடிகர்களை நெரித்து நிறுத்துகிறான்.

தமிழ் தரும் துணை

தொல்காப்பியர் காலம் மூன்று என்றார். நன்னூலார் இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என்று வகுத்தார். இவற்றோடு நின்றால் நம் மொழியில் இறந்தகாலம் ஒன்றே என்று தோன்றும். ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மயங்கி வருவதையும் நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. வழக்கையும் நோக்கினால் உண்மை விளங்கும்.

‘பாட்டி கதை சொன்னாள்’ – நிகழ்ந்து முடிந்தது.

‘பாட்டி கதை சொல்லிக்கொண்டிருந்தாள்’ – நடந்துகொண்டிருந்தது. இடையில் வேறொன்று நிகழப்போகிறது.

‘பாட்டி தினமும் கதை சொல்வாள்’ – சென்ற காலத்து வழக்கம். வடிவம் எதிர்காலம், பொருளோ இறந்தகாலம்.

முதலாவது கூட்டு இறந்தகாலம். பின் இரண்டும் முற்றா இறந்தகாலம். சிறுவன் தன் வாக்கியத்தைத் தமிழில் இயல்பாகச் சொல்லிப் பார்த்து, ‘கொண்டிருந்தேன்’ என்றோ, சென்ற காலத்தைக் குறித்து ‘வேன், வான், வாள்’ என்றோ நாவில் வந்தால், பெரும்பாலும் முற்றா இறந்தகாலத்தை எழுதலாம். இந்தி பேசும் மாணவர்க்கும் இவ்வசதி உண்டு: ‘சுனாயீ’ என்பதற்கும் ‘சுனாதீ தீ’, ‘சுனா ரஹீ தீ’ என்பவற்றிற்கும் உள்ள வேறுபாடு இதுவே. தாய்மொழி அந்நிய மொழிக்குத் தடை என்று சில வகுப்புகளில் அதனை வாயிற்படியிலேயே நிறுத்திவிடுகிறோம். இந்தப் பாடத்திலேனும் அதனை உள்ளே அழைக்க வேண்டும்.

பாலத்தின் ஓட்டைகள்

எனினும் தமிழ்ப் பாலத்திலும் ஓட்டைகள் உண்டு. ஆசிரியர் அவற்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, ‘இருந்தது’ என்னும் சொல். ‘வீடு பெரிதாக இருந்தது’, ‘அவள் களைப்பாக இருந்தாள்’ என்பவை தமிழில் சாதாரண இறந்தகாலம். ஆனால் அவை நிலையைக் கூறும் வருணனை; திரையில் தீட்டியவை. ஆதலின் பிரெஞ்சில் முற்றா இறந்தகாலமே வரும்.

இரண்டாவது, கால நீளம். நீண்டநாள் நடந்தால் முற்றா இறந்தகாலம், நொடியில் முடிந்தால் கூட்டு இறந்தகாலம் என்று சிலர் கற்பிக்கின்றனர். இது பெருந்தவறு. ‘பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் புதுவையில் வாழ்ந்தார்’ என்பதைப் பிரெஞ்சில் எழுதுங்கள். பத்தாண்டு நீண்ட காலந்தான். ஆயினும் தொடக்கமும் முடிவும் கூறி, முழுமையாகக் கட்டி வைத்துவிட்டோம். எனவே ‘அ வேக்கூ’ என்று கூட்டு இறந்தகாலமே வரவேண்டும். ‘பாரதியார் புதுவையில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, 1912-இல், பாஞ்சாலி சபதத்தின் முதற் பகுதியை வெளியிட்டார்’ என்றால், அதே வாழ்க்கை திரையாகிவிடுகிறது. ‘விவெ’ என்று முற்றா இறந்தகாலம் பெறுகிறது. வெளியிட்டதே நடிகனின் செயல். அதே மனிதர், அதே ஊர், அதே பத்தாண்டு. காலவடிவம் மட்டும் வேறு. வெளியே நின்று முழுமையாகப் பார்க்கிறோமா, உள்ளே நின்று நடப்பதைப் பார்க்கிறோமா என்பதே கேள்வி. இந்த ஓர் எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதினால் பத்து விதிகளுக்கு ஈடாகும்.

மூன்றாவது, அறிதல் குறித்த வினை. ‘ஜெ ஸவெ’ என்றால் ‘எனக்கு முன்பே தெரிந்திருந்தது’. ‘ஜே சூ’ என்றால் ‘எனக்குத் தெரியவந்தது’. முன்னது நிலை, பின்னது நிகழ்ச்சி.

நான்காவது, குறிச்சொற்கள். ‘எப்போதும்’ வந்தால் முற்றா இறந்தகாலம், ‘நேற்று’ வந்தால் கூட்டு இறந்தகாலம் என்று பட்டியல் கொடுப்பது ஊன்றுகோல்; காலாகாது. ‘ஜே துஜூர் எமே’, அதாவது ‘எப்போதுமே விரும்பி வந்திருக்கிறேன்’ என்பதில் ‘எப்போதும்’ இருந்தும் கூட்டு இறந்தகாலமே நிற்கிறது.

ஏறினான், ஏற்றினான்

கூட்டு இறந்தகாலத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. சில வினைகள் ‘அவ்வார்’ என்னும் துணையை விட்டு, ‘எத்ர்’ என்னும் துணையைக் கொள்ளும். வருதல், போதல், நுழைதல், வெளியேறுதல், ஏறுதல், இறங்குதல், விழுதல், தங்குதல், பிறத்தல், இறத்தல் முதலாக ஏறத்தாழப் பதினைந்து வினைகள் இவை. ஆங்கிலவழி வகுப்புகளில் இவற்றின் முதலெழுத்துக்களைக் கோத்து ‘டாக்டர் அண்டு மிஸஸ் வாண்டர்டிராம்ப்’ என்று ஒரு பெயர் புனைந்து மனப்பாடம் செய்விப்பர். அதனினும் நல்லது கரும்பலகையில் ஒரு வீடு வரைவது. அதில் ஒருவன் பிறக்கிறான், வெளியே போகிறான், வருகிறான், மாடி ஏறுகிறான், இறங்குகிறான், விழுகிறான், இறக்கிறான். வீட்டைக் கண்ட சிறுவன் பட்டியலை மறப்பதில்லை.

இவை யாவும் செயப்படுபொருள் குன்றிய வினைகள். ஆனால் குன்றிய வினை யாவும் எத்ர் கொள்ளா. நடத்தல், ஓடுதல், உறங்குதல் ஆகியவை அவ்வாரையே கொள்ளும். இனி ஒரு விந்தை பாருங்கள். ‘மோந்தே’ என்னும் வினை ‘ஏறினான்’ என்னும் பொருளில் எத்ர் கொண்டு ‘இல் எ மோந்தே’ என்றாகும். ‘பெட்டியை மேலே ஏற்றினான்’ என்னும் பொருளில் அவ்வார் கொண்டு ‘இல் அ மோந்தே’ என்றாகும். இறங்கினான், இறக்கினான் என்பவற்றிற்கும் அவ்வாறே. தமிழில் தன்வினை, பிறவினை என்று வல்லெழுத்தை இரட்டித்தும் மெல்லெழுத்தை வல்லெழுத்தாக்கியும் நாம் செய்வதைப் பிரெஞ்சுக்காரர் துணைவினையை மாற்றிச் செய்கின்றனர். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ‘படிகளை ஏறினான்’ என்னும்போது பிரெஞ்சு படியைச் செயப்படுபொருளாகவே கொள்ளும், அங்கும் அவ்வாரே வரும்.

தன்னைத்தான் குறிக்கும் வினைகளும் எத்ர் கொள்வன. ‘உடுத்திக்கொண்டான்’, ‘தலை சீவிக்கொண்டான்’ என்று தமிழில் ‘கொள்’ வருமிடங்கள் பல இவற்றோடு ஒத்துவரும். முழுதும் ஒவ்வாது; ‘எழுந்தான்’ என்பதில் ‘கொள்’ இல்லை, பிரெஞ்சில் உண்டு.

எத்ர் வந்தால் எச்சம் எழுவாயின் பாலுக்கு இசையும். இந்தியில் ‘லட்கா கயா, லட்கீ கயீ’ என்று தவறித் தவறிக் கற்ற நமக்கு இது புதிதன்று. அவ்வார் வந்தால் எழுவாய்க்கு இசைவில்லை. செயப்படுபொருள் முன்னே வந்தால் மட்டும் அதற்கு இசையும். ‘மைனே ரோட்டீ காயீ’ என்று இந்தியில் உண்பவன் ஆணாயினும் வினை ரொட்டிக்கு இசைவதை நினைவூட்டினால், வடநாட்டுச் சிறுவர் சட்டென்று பிடித்துக்கொள்வர். 16-ஆம் நூற்றாண்டில் கவிஞர் கிளேமான் மரோ இத்தாலிய மொழியை எடுத்துக்காட்டிப் பரப்பிய விதி இது. பெரும்பாலும் எழுத்தில் மட்டுமே தெரியும். காதில் விழுவது குறைவு. ஆகையால் இதனைக் கடைசியில் கற்பித்தால் குறையொன்றுமில்லை.

காதுக்கும் பயிற்சி

‘ஜெ மான்ஜ்’ உண்கிறேன். ‘ஜே மான்ஜே’ உண்டேன். ‘ஜெ மான்ஜெ’ உண்டுகொண்டிருந்தேன். பழகாத காதில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும். தமிழர்க்கு எகர ஏகார வேறுபாடு பழக்கமானது. ஆனால் பிரெஞ்சில் வேறுபடுவது நீளமன்று, வாய் திறக்கும் அளவு. ‘ஏ’ போன்றதற்கு வாய் குறைவாகத் திறக்கும். ‘எ’ போன்றதற்கு நன்கு திறக்கும். பிரெஞ்சு நாட்டிலேயே சில பகுதிகளில் ஈற்றில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. எனவே ‘ஜே’, ‘ஜெ’ என்னும் முதலொலியையும் சேர்த்துக் கவனிக்கப் பழக்குதல் வேண்டும். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என விரல் காட்டச் செய்தால் ஐந்து நிமிடம் போதும்.

நான்கு நாட் பாடம்

முதல் நாள்: பிரெஞ்சு வேண்டா. ஒரு சிறுகதையைத் தாய்மொழியிலோ வகுப்பின் பொதுமொழியிலோ சொல்லுங்கள். திரைக்கு இடக்கை, நடிகனுக்கு வலக்கை உயர்த்தட்டும். ‘ஏன்?’ என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

இரண்டாம் நாள்: முற்றா இறந்தகாலத்தின் வடிவம். ‘சிறுவயதில் நான் இருந்த வீடு’ என்று ஐந்து வரி எழுதட்டும். பல பாடநூல்கள் கூட்டு இறந்தகாலத்தை முதலில் வைக்கின்றன. அதனாலேயே சிறுவன் எல்லாவற்றிற்கும் அதனையே பயன்படுத்தக் கற்றுவிடுகிறான். வடிவம் எளியதை முதலில் வைப்பதால் இழப்பில்லை.

மூன்றாம் நாள்: கூட்டு இறந்தகாலம். ‘நேற்றுக் காலை முதல் இரவு வரை செய்தவை’ என்று வரிசையாகச் சொல்லட்டும். பின்னர் வீட்டுப் படம்.

நான்காம் நாள்: இரண்டாம் நாள் எழுதிய திரையை வெளியே எடுத்து, ‘து தன் கூ’, அதாவது ‘திடீரென்று’ என்னும் சொல்லால் அதனை உடைக்கச் சொல்லுங்கள். அமைதியான வீட்டில் ஏதேனும் நிகழட்டும். அன்றுதான் இரு காலமும் ஒன்றையொன்று சந்திக்கும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

பின்வரும் பகுதியில் எவ்வினைக்கு எவ்வடிவம் என்று பாருங்கள்.

‘அன்று மழை தூறிக்கொண்டிருந்தது (1). விடுதி அறை குளிராக இருந்தது (2). திடீரென்று விளக்கு அணைந்தது (3). ஊரில் விளக்கு அணைந்தால் அம்மா அகல் ஏற்றுவார் (4). அந்த நினைவு வந்தது (5). இரண்டு மணி நேரம் இருட்டிலேயே இருந்தேன் (6).’

1, 2, 4 முற்றா இறந்தகாலம். 3, 5, 6 கூட்டு இறந்தகாலம். இரண்டாவதிலும் ஆறாவதிலும் தமிழில் ‘இரு’ என்னும் ஒரே வினைதான் வருகிறது. ஆயினும் இரண்டாவது வருணனை, ஆறாவது இரண்டு மணி நேரம் என்று எல்லை கட்டப்பட்டது. இதனைச் சரியாகச் சொன்னவர் நாளையே வகுப்புக்குப் போகலாம்.

நண்பர்களே! இலக்கணப் பிழை என்பது மதிப்பெண்ணோடு முடிவதன்று. ஒரு விகுதி தவறினால் ஒருவருடைய வாழ்க்கையே வேறாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. அச்சிறுவனை மறுநாள் அழைத்து, “நேற்று நீ தமிழில் சொன்னதை மீண்டும் சொல்” என்றேன். “தினமும் கதை சொல்லுவாங்க, போன வருஷம் இறந்துட்டாங்க” என்றான். “முதலாவது திரை, இரண்டாவது நடந்த நிகழ்ச்சி” என்றேன். அவன் ‘ராகோந்தெ’ என்று முற்றா இறந்தகாலத்தில் ஒரு வரியும், ‘எ மோர்த்’ என்று எத்ர் இட்டுப் பெண்பாலுக்கு இசையக் கூட்டு இறந்தகாலத்தில் ஒரு வரியும் எழுதினான். நான் சிவப்பு மையை மூடி வைத்தேன். அவனுடைய பாட்டி இப்போது பிரெஞ்சிலும் நாள்தோறும் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.